ஓடும் உயிரும்

 பட்டுத் தறிக்கும் கோயிலுக்கும் பெயர்போன காஞ்சியின் ஓரத்தில், வேகவதிக் கரையில், ஜினகாஞ்சி என்று வழங்கிய திருப்பருத்திக்குன்றத்தில் நின்று கடற்சிப்பிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடல் இங்கிருந்து வெகு தொலைவு. ஆனாலும் இந்தப் பொருளைப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இங்குள்ள திரைலோக்கியநாதர் சமணக் கோயிலின் சங்கீத மண்டபத்தை, விஜயநகர அரசின் அமைச்சரும் தளபதியுமான இருகப்பர் தம் குரு புஷ்பசேனரின் சொற்படி 1387-88-இல் கட்டினார். அதன் விதானத்தில் ரிஷபதேவர், மகாவீரர் வரலாறுகளோடு கண்ணனின் உறவினரான நேமிநாதரின் வரலாறும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. நேமிநாதரின் இலாஞ்சனை, அதாவது அடையாளச் சின்னம், சங்கு. சமணருக்கு அந்தச் சங்கு ஒரு சின்னம் மட்டுமாக இருந்ததில்லை. அதற்குள் ஓர் உயிர் குடியிருந்தது, அதற்குத் தொடுவுணர்வு, சுவையுணர்வு என இரண்டு அறிவு உண்டு என்று கணக்கிட்டவர்கள் அவர்கள். இன்னொரு தொடர்பும் உண்டு. இந்தக் கோயில்களைப் பற்றி டி. என். ராமச்சந்திரன் எழுதிய விரிவான ஆய்வை 1934-இல் வெளியிட்டது சென்னை அரசு அருங்காட்சியகம். சென்னைக் கடற்கரையில் ஒதுங்கும் கிளிஞ்சல்களைப் பற்றிய ஆய்வை 1941-இல் வெளியிட்டதும் அதே அருங்காட்சியகம், அதே வெளியீட்டு வரிசையில். இரண்டாவதை எழுதிய எஃப். எச். கிரேவ்லி என்ற விலங்கியலாளர்தான், முதல் நூல் வந்தபோது அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். ஓவியத்துச் சங்கும் கரையில் ஒதுங்கிய சங்கும் ஒரே நிறுவனத்தின் கவனத்தில் இருந்த காலம் அது.

சிப்பிகளைச் சேகரித்தவர்கள் அவற்றை எப்படி வகைப்படுத்தினார்கள் என்பதே இன்றைய பேச்சு. அதில் நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். ஓட்டை மட்டும் கையில் வைத்திருந்தவரை சேகரிப்பாளர்கள் பெயர் வைத்தார்கள், அடுக்கினார்கள், அழகாக வரைந்தார்கள். ஆனால் எது எதற்கு உறவு என்பதில் திரும்பத் திரும்பச் சறுக்கினார்கள். ஓட்டுக்குள் வாழ்ந்த உயிரும் அது வாழ்ந்த இடமும் கணக்கில் சேர்ந்தபோதுதான் வகைப்பாடு அறிவியலாயிற்று. அந்த உயிரை அன்றாடம் அறிந்திருந்தவர்கள் நம் கடற்கரை மக்கள். அவர்கள் அறிவு ஐரோப்பாவுக்குப் போன சிப்பிப் பெட்டிகளோடு சேர்த்து அனுப்பப்படவில்லை.

முதலில் நம் பக்கத்தைப் பார்ப்போம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. புல்லும் மரமும் ஓரறிவு. அடுத்த படியில், ஈரறிவில், நந்தும் முரளும் நிற்கின்றன. நந்து என்பதற்குள் சங்கும் நத்தையும், முரள் என்பதற்குள் இப்பியும் கிளிஞ்சலும் அடங்கும் என்று உரையாசிரியர்கள் விரித்தார்கள். அதாவது சுருண்ட ஒற்றை ஓடு உடையவை ஒரு பெயருக்குள், இரட்டை மூடி உடையவை இன்னொரு பெயருக்குள், இரண்டும் சேர்ந்து ஒரே படியில். சமண ஆசாரியர் குந்தகுந்தரின் பஞ்சாஸ்திகாயமும் சங்கையும் சிப்பியையும் ஈரறிவில் வைக்கிறது. கூடவே காலில்லாப் புழுவையும் வைக்கிறது. ஓடு உள்ளதும் ஓடு இல்லாததும் ஏன் ஒரே வரிசையில் நிற்கின்றன? கேட்கப்பட்ட கேள்வி ஓட்டைப் பற்றியது இல்லை என்பதால்தான். உள்ளே இருப்பது எதை உணர்கிறது என்பதே இங்கே அளவுகோல்.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. பதினேழாம் நூற்றாண்டில் கப்பல் போகாத கடல் குறைந்தபோது, செல்வர் வீட்டு அலமாரிகளில் சிப்பிகள் குவிந்தன. அம்போன் தீவில் டச்சுக் கம்பெனியில் பணியாற்றிய ரும்பியஸ் 1670-இல் பார்வை இழந்தார். அதன் பிறகும் உதவியாளர்களைக் கொண்டு எழுதினார். அவர் இறந்த பின் 1705-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அந்த நூலில் சிப்பிகளின் உள்ளூர்ப் பெயர், பயன், அவை வாழும் விதம் எல்லாம் உண்டு. லண்டனில் மார்ட்டின் லிஸ்டர் ஆயிரத்துக்கு மேற்பட்ட தகடுகளில் சிப்பிகளைப் பதிப்பித்தார். அவற்றை வரைந்தவர்கள் அவருடைய மகள்கள் அன்னாவும் சுசன்னாவும். இந்தப் படங்களையும் அலமாரிகளையும் முன்னால் வைத்துக்கொண்டு 1758-இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் ஒழுங்கு செய்ய உட்கார்ந்தார். ஒற்றை ஓடுகளுக்கு வாயின் அமைப்பு, இரட்டை ஓடுகளுக்குக் கீல் போன்ற மூட்டின் பற்கள் என்று அடையாளம் குறித்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் இரண்டே சொல்லில் பெயர். அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, அதற்கு முன் ஒரு சிப்பிக்கு ஒரு வாக்கியத்தையே பெயராக வைத்திருந்த நூல்களைப் பார்த்தால் தெரியும்.

அவர் முறையின் பலமும் பலவீனமும் நம் பூசையறைச் சங்கிலேயே தெரிகின்றன. சங்கின் வாய்க்குள் சுட்டுவிரலை விட்டு, நடுத்தண்டின் மேல் மெல்ல நகர்த்துங்கள். புடவைக் கொசுவம்போல மூன்று அல்லது நான்கு தடித்த மடிப்புகள் விரலில் தட்டும். லின்னேயஸ் பிடித்துக்கொண்டது இந்த மடிப்புகளைத்தான். நடுத்தண்டில் மடிப்புள்ள எல்லாவற்றையும் வொலூட்டா என்ற ஒரே பேரினத்தில் போட்டார். 1767-இல் நம் சங்கு வொலூட்டா பைரம் ஆயிற்று. பைரம் என்பது பேரிக்காய். மடிப்பு உண்மையானது, நிலையானது, யாரும் விரலால் சரிபார்க்கக் கூடியது. இன்றும் அது பயன்படுகிறது. வலம்புரிச் சங்கு என்று சொல்லி நம் ஊர்களில் பெரும் விலைக்கு விற்கப்படுபவற்றில் பல, அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாப் பக்கத்தில் வாழும் பூசிகான் என்ற பேரினத்தைச் சேர்ந்த வேறோர் இனத்தின் ஓடுகள். அந்த இனத்துக்கு இடப்பக்கச் சுருளே இயல்பு, அதனால் அங்கே அது அபூர்வம் இல்லை. கண்ணுக்குச் சங்குபோலத் தோன்றும். விரலை விட்டால் மடிப்பு தட்டாது. ஆனால் இதே மடிப்பை மட்டும் நம்பியதால் ஒலிவச் சிப்பியும் மைட்டர் சிப்பியும் சங்கும் ஒரே பேரினத்தில் நெருக்கிக்கொண்டு நின்றன. பிறகு அவை பிரிக்கப்பட்டன. 1799-இல் விலங்கியலாளர் லாமார்க் சங்குக்கு டர்பினெல்லா என்ற தனிப் பேரினம் கொடுத்தார். ஒரே அடையாளம் போலியைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது, உறவை மறைக்கவும் செய்கிறது.

வலம்புரி என்ற சொல்லிடமே சற்று நிற்க வேண்டும். சிப்பி நூல்களில் கூர்முனையை மேலே வைத்து, வாயை நம் பக்கம் திருப்பிப் பார்ப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் சாதாரணச் சங்கின் வாய் வலப்பக்கம் இருக்கும். நூல்கள் அதை வலச்சுருள் என்கின்றன. நாமோ கூர்முனையைக் கீழாகவும் நீர் வார்க்கும் மூக்கை மேலாகவும் வைத்துப் பார்க்கிறோம். அதே சங்கின் வாய் இப்போது இடப்பக்கம் வந்துவிடுகிறது, ஆகவே இடம்புரி. நாம் வலம்புரி என்று போற்றும் அபூர்வச் சங்கு அவர்கள் நூலில் இடச்சுருள். சங்கு மாறவில்லை, பிடித்த கை மாறியிருக்கிறது. 1681-இல் ரோமில் புவோனானி வெளியிட்ட புகழ்பெற்ற சிப்பி நூலில், செப்புத் தகட்டில் செதுக்கியதை அப்படியே அச்சிட்டதால் படங்கள் கண்ணாடிப் பிம்பம்போல இடவலம் மாறிவிட்டன. அந்த நூலை மட்டும் பார்ப்பவருக்கு உலகத்துச் சிப்பியெல்லாம் வலம்புரி என்றே தோன்றும். கோபன்ஹேகனில் கெம்னிட்ஸ் என்ற போதகர் 1786-இல் தம் சிப்பி நூலில் இடச்சுருள் சிப்பிகளுக்கென்றே ஒரு தொகுதி முழுவதையும் ஒதுக்கினார். படமும் ஓடும் இருந்தும், ஏன் ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் சுருள்கிறது என்ற கேள்விக்கு அவரால் பதில் தர முடியவில்லை. குளத்து நத்தைகளை உயிரோடு வளர்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தபோதுதான், அவற்றில் சுருளின் திசையைத் தாயின் மரபுக்கூறு தீர்மானிக்கிறது என்று 1920-களில் தெரிந்தது. ஓட்டின் புதிருக்கு விடை உயிரிடம் இருந்தது.

லின்னேயஸின் பெரிய சறுக்கலுக்கு வருவோம். ஓடு இருப்பவற்றை ஒரு வரிசையிலும், ஓடில்லாத மெல்லுடல்களை இன்னொரு வரிசையிலும் வைத்தார். விளைவு? தோட்டத்து நத்தை ஓரிடத்தில், ஓடில்லாத நத்தை வேறிடத்தில். மீன் சந்தையில் நாம் பார்க்கும் கணவாய் ஒரு பக்கம், அதன் உறவான, ஓடுள்ள நாட்டிலஸ் எதிர்ப்பக்கம். படகின் அடியில் சுண்ணாம்புக் கூடு கட்டி ஒட்டியிருக்கும் கொட்டலசு, சிப்பிகளோடு உட்கார்ந்திருந்தது. 1757-லேயே செனகலில் இருந்து திரும்பிய இயற்கையியலாளர் அடான்சன், உள்ளே இருக்கும் விலங்கை வரையாமல் சிப்பியை அறிய முடியாது என்று காட்டியிருந்தார். இத்தாலியில் போலி என்பவர் 1791 முதல் இரட்டை ஓட்டு உயிர்களை அறுத்துப் பார்த்தார். அவர் உயிருக்கு ஒரு பெயர் வைத்து, அதோடு 'தோல்' என்று பொருள்படும் ஒட்டைச் சேர்த்து ஓட்டுக்குத் தனிப்பெயர் வைத்தார். இந்த முறை நிலைக்கவில்லை என்றாலும் அவர் சொல்லவந்தது ஆழமானது: நாம் இதுவரை பெயர் வைத்துக்கொண்டிருந்தது தோலுக்குத்தான். 1795-இல் உடற்கூறியலாளர் குவியே உள்ளுறுப்புகளை வைத்து மெல்லுடலிகளைத் திரும்ப அடுக்கியபோது நத்தையும் கணவாயும் மட்டியும் ஒரே குடும்பத்துக் கூரையின் கீழ் வந்தன. கொட்டலசுக்கு மேலும் காலம் பிடித்தது. அதன் குஞ்சு நீந்துவதை நுண்நோக்கியில் பார்த்த ஜான் வாகன் தாம்ப்சன், அது சிப்பியே இல்லை, நண்டுக்கும் இறாலுக்கும் உறவு என்று 1830-இல் காட்டினார். எவ்வளவு நேரம் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் கிடைத்திருக்காத உண்மை அது.

இந்தக் கதையில் நம் கரை எங்கே வருகிறது? தரங்கம்பாடியில். 1620 முதல் டேனியர் கையில் இருந்த அந்த ஊருக்கு 1768-இல் லின்னேயஸின் மாணவர் கோனிக் வந்தார். 1771-இல் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற மதபோதகர் வந்தார். சோழமண்டலக் கரையின் உயிரினங்கள் பெட்டி பெட்டியாகக் கோபன்ஹேகனுக்கும் ஜெர்மானிய நகரங்களுக்கும் போயின. ஜெர்மனியில் ஹாலே நகரத்து அநாதை இல்லத்தின் காட்சி அறையில் இன்றும் தரங்கம்பாடிப் பொருள்கள் இருக்கின்றன. கெம்னிட்ஸ் கோபன்ஹேகன் படைமுகாமின் போதகர். வெப்பக் கடலைக் கண்ணால் காணாதவர். தமக்கு வந்துசேர்ந்த ஓடுகளை வைத்தே சிப்பிகளைப் பற்றிய ஒரு பெருநூலின் பல தொகுதிகளை எழுதி 1795-இல் முடித்தார். வண்ணம் தீட்டிய அதன் படங்கள் இன்றும் வியப்பூட்டுகின்றன. ஏன் ஓடு மட்டும் போயிற்று என்பதற்குக் காரணம் எளியது. மாதக்கணக்கான கப்பல் பயணத்தில் சதை அழுகும், ஓடு அழுகாது. ஆனால் சதையோடு சேர்ந்து இன்னொன்றும் கரையிலேயே தங்கிவிட்டது. அந்தச் சிப்பி எந்த ஆழத்தில் கிடந்தது, மணலிலா பாறையிலா, எந்த மாதத்தில் முட்டையிட்டது என்ற அறிவு. அதை வைத்திருந்தவர் வலை இழுத்தவரும் முக்குளித்தவரும். ஜானின் பெயரால் ஒரு மீன் பேரினமே ஜோனியஸ் என்று வழங்குகிறது. அவருக்கு எடுத்துக் கொடுத்த கைகளுக்குப் பெயர் இல்லை. இதைக் குறையாகச் சொல்வதைவிட, அறிவியலுக்கு நேர்ந்த இழப்பாகச் சொல்லவே விரும்புகிறேன்.

இழப்பு எவ்வளவு என்பதற்குச் சங்கே சான்று. சங்கு என்றால் நம் மனத்தில் வெள்ளை. உயிரோடு கடலில் கிடக்கும் சங்கு வெள்ளையாக இருக்காது. பழுப்பு நிறத் தோல் ஒன்று ஓட்டை முழுவதும் போர்த்தியிருக்கும். வாயை அடைக்கக் கொம்புபோன்ற மூடி உண்டு. மணலடியில் புழுக்களைத் தின்று வாழ்கிறது. பெண் சங்கு முட்டையிடும்போது, ஆட்டுக்கொம்புபோல முறுக்கிய, அறை அறையாகப் பிரிந்த ஒரு நீண்ட கூட்டை மணலில் ஊன்றிவிடுகிறது. முக்குளிப்பவர்கள் அதைச் சங்குப்பூ என்றார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிப் பார்களை ஆராய விலங்கியலாளர் ஹெர்ட்மனோடு 1902-இல் இலங்கைக்கு வந்து, பிறகு சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1914-இல் சங்கைப் பற்றி ஒரு தனி நூலே வெளியிட்டார். சங்கு குளிப்பு, வங்கத்து வளையல் தொழில், கோயில் வழக்கம், விலங்கின் வாழ்க்கை எல்லாம் அதில் சேர்ந்து நிற்கின்றன. அவருக்கு முன் சங்கைப் பற்றி எழுதியவர்களில் பலர் ஓட்டைத்தான் அறிந்திருந்தார்கள். சங்குப்பூவிலிருந்து வெளிவரும் குஞ்சு கடலில் மிதந்து அலையாது. ஓட்டோடேயே பிறந்து, பிறந்த மணலிலேயே ஊர்ந்து வளரும். அப்படியானால் ஓரிடத்துச் சங்கு இன்னோரிடத்துச் சங்கோடு கலப்பது அரிது. இடத்துக்கு இடம் வடிவம் சற்று மாறுவது இயல்பு. இது தெரியாமல் அலமாரியில் இரண்டு வடிவங்களை அருகருகே வைத்துப் பார்த்தவர் இரண்டு இனம் என்று எழுதிவிடுவார். லாமார்க் ராப்பா என்று தனி இனமாகப் பெயரிட்டது இன்று பைரத்தின் வேறு பெயராகவே கருதப்படுகிறது. அந்தப் பூவைக் கண்டவரைக் கேட்டிருந்தால் அலமாரிக்காரர் கொஞ்சம் தயங்கியிருப்பார்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஓடு சேர்த்தவர்கள் இல்லாவிட்டால் தொடக்கமே இல்லையே என்று கேட்கலாம். லின்னேயஸ் ஓட்டை வைத்து அமைத்த கோனஸ், சோழிகளின் சைப்ரியா ஆகிய பேரினங்கள் இன்றும் நிற்கின்றன. சோழியைச் சோழி என்று அறிய அதன் குடலைப் பார்க்க வேண்டியதில்லை. பாறையில் புதைந்த தொல்லுயிர்களில் ஓட்டைத் தவிர வேறு எதுவும் மிஞ்சுவதும் அரிது. இவை அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஓட்டைக் கட்டியதும் அந்த உயிர்தான், ஆகவே உறவின் தடம் அதில் பதிந்துதான் இருக்கும். ஆனால் எந்தத் தடம் உறவைச் சொல்கிறது, எது வெறும் ஒப்புமை என்பதை ஓடே சொல்லாது. சோழியில் லின்னேயஸ் சரியாகக் கணித்தார், வொலூட்டாவில் தவறினார். இரண்டிலும் அவர் செய்தது ஒரே வேலை. எது சரி, எது தவறு என்று பிரித்துச் சொன்னது பிறகு வந்த உடற்கூறு.

இன்னொரு பக்கத்திலிருந்தும் மறுப்பு வரும், அதுவும் நம்மவரிடமிருந்தே. நந்தையும் முரளையும் ஒரே படியில் வைத்த நமக்கு இந்த ஐரோப்பியர்கள் என்ன புதிதாகச் சொல்லிவிட்டார்கள் என்று சிலர் பெருமிதத்தோடு கேட்பார்கள். அந்தப் பெருமிதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஈரறிவுக் கணக்கு கேட்ட கேள்வி உயர்ந்தது; கிடைத்த விடை தவறு. சங்கு நீரை உள்ளிழுத்து இரையின் வாசனையை அறிகிறது. நத்தைக்கும் சங்குக்கும் கண் உண்டு. சில இரட்டை ஓட்டுச் சிப்பிகளுக்கு விளிம்பு நெடுகக் கண்கள். புழுவோடு சேர்த்ததும் இன்றைய அறிவுக்குப் பொருந்தாது. லின்னேயஸும் சிப்பிகளைப் 'புழுக்கள்' என்ற பெருவகுப்பில்தான் போட்டார் என்பதால் நம் தவறு சரியாகிவிடாது. வேறுபாடு எங்கே என்றால், ஐரோப்பியர் தவறைத் திருத்த வழி இருந்தது. கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் அன்றைய ஓடுகள் இருக்கின்றன, எடுத்து ஒப்பிடலாம். நம் உரைகள் சொல்லைச் சொல்லால் விளக்கின. சங்கை எடுத்துவந்து நூலோடு ஒப்பிடும் வழக்கம் வளரவில்லை. உயிரை முதலில் வைத்த நம் கேள்வியும், பொருளைப் பாதுகாத்துவைத்த அவர்கள் பழக்கமும் சந்தித்திருக்க வேண்டும். தரங்கம்பாடியில் அதற்கு வாய்ப்பு இருந்தது. நழுவிவிட்டது.

கொல்லாமையைப் போற்றும் சமணரின் இந்த ஊரில் கட்டாயம் எழும் கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. உள்ளே இருக்கும் உயிரைப் பார் என்கிறீர்களே, அதற்கு அதைக் கொல்ல வேண்டாமா? ஆம், போலியும் குவியேயும் கொன்றுதான் பார்த்தார்கள். அலமாரிக்காரர்களும் கொன்றார்கள், பளபளப்பான ஓடு வேண்டுமானால் உயிரோடு எடுத்துத்தான் ஆகவேண்டும். நாம் வழிபடும் சங்கும் அப்படி எடுக்கப்பட்டதுதான். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் வேறு வழியும் இருந்திருக்கிறது. கிரேவ்லியின் நூல் கரையில் தானே ஒதுங்கியவற்றை வைத்தே எழுதப்பட்டது. மெரினாவில் நடப்பவர் எவரும் பொறுக்கக் கூடிய ஓடுகளை அடையாளம் காண அது வழி சொன்னது. அதே அருங்காட்சியகத்தின் எஸ். டி. சத்தியமூர்த்தி 1952-லும் 1956-லும் குருசடைத் தீவின் மெல்லுடலிகளை இரண்டு பகுதிகளாக விவரித்தார். இன்று நீருக்கடியில் படம் எடுக்கலாம். உயிரை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு வரலாம். சட்டமும் மாறியிருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-இல் நாட்டிலஸ் உட்படச் சில மெல்லுடலி இனங்கள் சேர்ந்தன. அவற்றின் ஓட்டை விற்பது குற்றம்.

ஆகவே கடற்கரைக்குப் போகும் குடும்பங்களுக்கும், பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உயிருள்ளதைத் தொடாதீர்கள். கரையில் ஒதுங்கிய சாதாரணக் கிளிஞ்சல் ஒன்றைப் பிள்ளை எடுத்து வந்தால், அதோடு ஒரு சீட்டு வைக்கச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்த நாள், மணலா பாறையா என்று அதில் எழுதட்டும். அந்த ஊர் மீனவரிடம் அதற்கு என்ன பெயர் என்று கேட்டு அந்தப் பெயரையும் எழுதட்டும். மட்டி, ஆளி, ஊமச்சி, பலகறை என்று ஊருக்கு ஊர் வழங்கும் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.